மிச்சம் பதினொன்று

முப்பது மாத்திரை கொடுத்தனுப்பினேன்.
மாதம் கழித்து வந்தவன்
டப்பாவை என் மேசையில் கவிழ்த்தான்.
சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.
ஆனாலும் எண்ணினேன், வேலை அது.
பதினொன்று மிச்சம்.

படிவத்தில் கட்டங்கள் இருக்கின்றன:
மறதி. வாந்தி. வெளியூர். வீட்டில் தெரிந்துவிடும் பயம்.
கடைசியில் இதர,
எதிரே ஒரு விரற்கடை இடம்.

தேசிங்கு காசிமேட்டில் ஐஸ் பார் உடைப்பவன்.
உள்ளங்கை எப்போதும் வெளுத்து ஊறியிருக்கும்.
"மறதின்னு போட்டுக்கோ" என்றான்.
எந்த லாஞ்சுக்கு எத்தனை பார் கடன் என்று
நோட்டு இல்லாமல் சொல்கிறவன்.

பேனாவை மூடி வைத்தேன்.
கொருக்குப்பேட்டை கேட்டில்
சரக்கு ரயில் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது.
அது முடிகிறவரை
இந்த அறையில் யாரும் பேச முடியாது.
அதனால்தான் வாடகை குறைவு,
அதனால்தான் எங்கள் அலுவலகம் இங்கே.

கடைசிப் பெட்டி போனதும் சொன்னான்:
"சலேத்துக்கு நிச்சயம் ஆயிடுச்சு. பழவேற்காட்டுப் பொண்ணு.
தினம் அந்த மாத்திரைய கையில எடுக்கறப்போ
நாளைக்கும் யாரையாவது தேடிப் போவேன்னு
எனக்கு நானே கையெழுத்துப் போட்ற மாரி இருக்கு.
போவாம இருந்துடலாம்னு நெனச்ச பதினோரு நாளு
இது."

"இருந்தியா?"

"எட்டு நாள் இருந்தேன்."

அந்த மூன்றைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டேன்: எப்போது.
ரெண்டு வாரம் ஆச்சு என்றான்.
விரல் நுனியில் ஊசி இறங்கியபோது
ஐஸில் மரத்த தோல், அவனுக்கு உறைக்கவே இல்லை.
இருபது நிமிடம்.
சுவரில் பல்லி. அவன் அதைப் பார்த்தான்,
நான் பார்க்காத மாதிரி கிட்டைப் பார்த்தேன்.
ஒற்றைக் கோடு.
அடுத்த மாதம் இன்னொரு தரம் குத்தணும் என்றேன்.
மூச்சு விட்டானா, தெரியவில்லை.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள்
வாய் வரைக்கும் வந்தன.
பல் துலக்குகிற நேரத்தில் போடு,
போனில் அலாரம் வை.
ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீடு,
அலாரம் அடித்தால் ஆறு பேரும் கேட்பார்கள் எதற்கென்று.
விழுங்கிக்கொண்டேன்.

என் பையைத் திறந்து
என் டப்பாவை எடுத்து அவனுடையதன் பக்கத்தில் வைத்தேன்.
ஸ்டான்லியில் வாங்குவது.
உன்னுடையது வராமல் இருக்க,
என்னுடையது
வந்தது வளராமல் இருக்க.
உன் மாத்திரை ரயில் கேட்டைத் தாண்டி வருவதற்குள்
எனக்கு நேரமாகிவிட்டது, தேசிங்கு.

அவன் என் டப்பாவைக் காதோரம் குலுக்கிப் பார்த்தான்.
"எத்தினி மணிக்குப் போட்ற?"
"ஒன்பது."
"அப்போ நானு மிஷின் பக்கத்துல இருப்பேன். ஒண்ணும் கேக்காது."
"கேக்க வேணாம். போட்டதும் ஒரு மிஸ்டு கால் குடு.
நானும் போட்டுட்டுக் குடுக்கறேன்."
"போடலன்னா?"
"குடுக்காத. நான் எதுவும் கேக்கமாட்டேன்."
"கேளு" என்றான்.
கொஞ்சம் கழித்து,
"கேட்டா, சாப்டியான்னு கேளு.
போன யாரு எடுத்தாலும் அதுல ஒண்ணும் தப்பில்ல."

தடைக்காலம் வந்தது. படகுகள் கட்டிக் கிடந்தன,
ஐஸுக்கு ஆளில்லை, அவனுக்கு ராத்திரி பகல் இல்லை.
சில நாள் ஏழரைக்கே அழைப்பு வரும்,
சில நாள் நள்ளிரவு தாண்டி,
நான்கு நாள் வரவே இல்லை.
கேட்டேன். இல்லை என்றான்.
சரி என்றேன்.

ஒரு ஞாயிறு. ஒன்பது ஆயிற்று, ஒன்பதரை,
பத்தேகால்.
சலேத்தின் திருமணம் அன்று என்று
காலண்டரைப் பார்க்காமலே தெரியும் எனக்கு.
சாப்டியா?
அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.
திரும்ப நிமிர்த்தினேன்.

பேண்டு வாத்தியத்துக்கு நடுவில் தட்டியிருப்பான் போல,
எழுத்துப் பிழையோடு வந்தது:
கல்யாணத்துல சாப்டேன். ரெண்டும்.
நீ?

என் டப்பா
மூடி திறக்காமல் மேசையில் இருந்தது.