நடு ஓட்டை

பசுண்டாங் முனை டீக்கடையில்
இரண்டு டீ குடிக்கும் சாக்கில்
நீல ஸ்டூல் ஒன்றை அளந்துகொண்டு வந்தேன்.
உயரம் ஒரு சாணும் நாலு விரலும்.

நாலு மாதம்
தேக்கில் அதையே செய்தேன்.
ஆணி கிடையாது. பசை கிடையாது.
பிறந்த அன்றே எழுந்து நிற்கும் கன்றுபோல்
கால்கள் கொஞ்சம் அகன்று.

கண்காட்சியில்
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தவர்கள்
உட்காராமலே அழகு என்றார்கள்.
ஒருவர் மட்டும் கேட்டார்,
இதற்கு முன்பக்கம் எது?

விற்காததைத் தூக்கிக்கொண்டு
கடைக்கே போனேன்.
மேசை துடைக்கும் சோ தூ உட்கார்ந்தான்,
இடுப்பை ஆட்டிப் பார்த்தான்,
பரவாயில்லை என்றான்.

இரவு, கடை கட்டும் நேரம்.
ஒவ்வொரு ஸ்டூலாக விரல் விட்டுத் தூக்கி
ஒன்றன்மேல் ஒன்று செருகி
என் உயரத்துக்கு ஒரு நீலத் தூண்.
என்னுடையதை மட்டும்
இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான்,
அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கியவன் மாதிரி.
"அக்கா, இதுக்கு ஓட்டை எங்கே?"

காலையில் துளைபோட்டேன்.
தூள் சூடாக உதிர்ந்தது,
பழைய தோல்செருப்பு வாசம்.
என் விரல் நுழைகிறது, தூக்க வருகிறது.

அடுக்கத்தான்
இன்னும் வரவில்லை.