சிவப்பு வட்டம்

செம்பனைக்கு ஒரு நோய் உண்டு.
ஓலை பச்சையாகவே இருக்கும். குலையும் தள்ளும்.
அடித்தண்டில் காதுபோல ஒரு காளான்
எட்டிப் பார்க்கிற நாளில்
உள்ளே பாதி குழைந்துபோயிருக்கும்.
பதினேழாம் பிளாக்கில் அதைத் தேடுவதற்குத்தான்
மண்டோர் எனக்குச் சம்பளம்.
சிவப்புச் சாயத்தில் வட்டம் போடுவேன்.
பிறகு மண்வாரி வந்து
மரத்தைச் சுற்றிக் குழி வெட்டும்,
வேர் வேரைத் தொடாதபடி.

என் வீட்டுக்குள் வந்ததை நான் பார்க்கவில்லை.

உங்கள் பொட்டலம் கிள்ளானில் நிற்கிறது,
ஒரு வெள்ளி எண்பது காசு கட்டுங்கள்
என்று வந்ததாம்.
பொட்டலம் எதுவும் நாங்கள் கேட்கவில்லை.
ஒன்று எண்பதுதானே என்று
தேவசகாயம் அமுக்கிவிட்டார்.
லாரியில் ஏற்றுமுன் ஒவ்வொரு குலையையும்
சந்தேகமாய்ப் புரட்டிப் பார்க்கிற கை அது.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. ஓலை பச்சை.
மூன்றாம் ராத்திரி
மரண சகாய நிதிக் கணக்கைத் திறந்தேன்.
எழுத்து இருந்த இடத்தில் பூச்சி ஊர்ந்தது.
ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது.
நாங்கள் கண்ணால் பார்த்திராத ஏதோ நாணயத்தில்
நாங்கள் பார்க்கவே போகாத ஒரு தொகை
கேட்டது.

யோசிக்கவில்லை.
இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினேன்.
வைஃபை பெட்டியை அணைத்தேன்.
தூங்கும் மகன் பக்கத்திலிருந்து
அவன் மடிக்கணினியை எடுத்து
துணி மடிக்கிற அறையில் வைத்தேன்.
வேர் வேரைத் தொடக்கூடாது.

சிலிம் ரிவர் கடைத்தெருவில் ஆ கியோங்
தமிழிலேயே சொன்னான்:
"எல்லாம் அழிக்கணும்கா. நகல் இருக்கா?"

இருந்தது.
மைலோ டின்னில், ரப்பர் பேண்டுகளோடு, ஒரு பென்டிரைவ்.
கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எடுத்தது.
இது ஆகஸ்டு.

நாற்பத்தாறு வீடு ஏறி இறங்கினேன்.
ரசீது வைத்திருந்தவர்கள் காட்டினார்கள்.
மே மாதச் சந்தா கட்டாத அஞ்சலை
கட்டினேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னாள்.
அந்தப் பத்து வெள்ளியை நானே போட்டேன்.
திருடன் கேட்டதைவிட
அது மலிவு.

தோட்டத்தில் எலிக்கு ஆந்தைப் பெட்டி வைத்திருக்கிறோம்.
இப்போது திரையின் மூலையிலும் ஒன்று
ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறது.
புதுப்பிக்கவா என்று அது கேட்கும்போதெல்லாம்
நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிய விரல்
இப்போது அடங்கியிருக்கிறது.
ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும்
மைலோ டின்னைத் திறக்கிறேன்.
தேவசகாயம் லாரியிலிருந்து அழைக்கிறார்:
இதை அமுக்கலாமா?
நாளை தண்ணீர் வராது என்ற
தண்ணீர் வாரியச் செய்திக்கும்கூட.

பழைய கடவுச்சொல்
மகன் பெயரும் பிறந்த வருஷமும்.
அதில் பாதியை அவனே
பள்ளிச் சட்டையில் குத்திக்கொண்டு
ஊரெல்லாம் நடந்தான்.

புதியதில் ஒரு மரத்தின் எண் இருக்கிறது,
சாயம் பூசாத மரம்.
எந்த வரிசை என்று
தேவசகாயத்துக்கு மட்டும் தெரியும்.
மரம் என்று சொன்னதும்
பொய்யாக இருக்கலாம்.