கூட்டுறவுப் பலகையில் ஒரு சாண்

"பெற்றோர் அனைவரும் தவறாது கலந்துகொள்ளுமாறு
கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

மூன்று வருடத்தில் பதினேழு முறை
இந்த வாக்கியத்தை அனுப்பியிருக்கிறேன்,
முத்திரை குத்தி,
பிள்ளைகளின் பைகளில்.
சாம்பார்க் கறையோடு
அதே பைகளில் திரும்பி வந்தது.
யார் கேட்டுக்கொள்கிறார்கள் என்று
அதில் எங்குமே இல்லை.

பதினெட்டாவது தடவை
நாற்பது நாற்காலி, இரண்டு தட்டு பிஸ்கட்,
வந்தவர்கள் நாலு பேர்.
அதிலும் ஒருவர்
சாதிச் சான்றிதழ் விசாரிக்க வந்தவர்.
எட்டாம் வகுப்பைக் காலி நாற்காலிகளில் உட்காரவைத்து
முதுகுப் பக்கமிருந்து படம் பிடித்தோம்.
'சிறப்பாக நடைபெற்றது' என்று
மேலே அனுப்பினோம்.
மேலே இருப்பவர்களும்
முதுகைப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள்.

மார்கழியில் ஒருநாள்
தர்மபுரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன்.
மூங்கன்கொட்டாய் முழுக்க இருட்டு.
பால் சொசைட்டியில் மட்டும் ஒரு டியூப் லைட்.
அதன் கீழே,
மூன்று வருடமாக நான் அழைத்துக்கொண்டிருந்த
அத்தனை பேரும்,
கையில் கேனோடு.

சுவரில் கரும்பலகை:
எண், லிட்டர், கொழுப்பு, ரூபாய்.
எழுதப் படிக்கத் தெரியாத கெம்பம்மாவுக்கு
இருபத்தாறு தன் எண் என்று தெரியும்;
நேராகப் போய் 3.8-ஐப் பிடித்தாள்.
"நேத்து நாலு ஒண்ணு வந்துச்சி,
அதே மாடு, அதே தீவனம்,
உன் மிஷினுக்கு இன்னா நோவு?"
ஒரு பலகையோடு
ஒரு ஊர் இப்படிச் சண்டை போட்டு
நான் பார்த்ததில்லை.

செயலாளர் மாதப்பனிடம்
ஓரத்தில் ஒரு சாண் இடம் கேட்டேன்.
"விளம்பரமா டீச்சர்?"
"கணக்கு."

முதல்நாள் சாக்பீஸ் எடுத்ததும்
'கேட்டுக்கொள்ள' என்றே கை ஓடியது.
புறங்கையால் அழித்தேன்.
பிறகு எழுதினேன்:

நேற்று 52-இல் 31 பேர் வந்தார்கள்.
ஆறாம் வகுப்பில் இரண்டே பேர். தக்காளி பறிப்பு.
கைகழுவும் குழாய் ஒழுகுகிறது.
ஏழாம் வகுப்புக் கணக்கு: ஒரு கூடை தக்காளி அறுபது ரூபாய்.
பறிகூலி முப்பது, வண்டி இருபத்தைந்து, கமிஷன் பதினேழு.
விடை: கழித்தல் பன்னிரண்டு.

யாரோ கடைசி வரியை உரக்கப் படித்தார்கள்.
யாரோ சிரித்தார்கள், சிரிப்பில்லாமல்.
அன்று பள்ளிக்கு யாரும் வரவில்லை.
மறுநாளும் இல்லை.

மூன்றாவது வாரம்
என் எழுத்துக்குக் கீழே வேறொரு கை:
'வாஷர் போயிருக்கும். சனிக்கெழம வரேன். சின்னராசு.'
அதற்கும் கீழே, கோணலாக,
யாரோ சொல்ல யாரோ எழுதியது:
'ஆறாவது யுவனை நான் பறிப்புக்கு அனுப்பல.
ஸ்கூலுக்குத்தான் அனுப்பினேன்.
எங்க போனான்?'

சாக்பீஸோடு நின்றேன்.
எனக்கும் தெரியாது.
அதையே எழுதினேன்:
தெரியாது. இன்று கேட்கிறேன்.

எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை.
கழிவறைக் கதவு உடைந்ததை எழுதிய அன்று
ஒருவர் பைக்கை நிறுத்தி இறங்கினார்:
"ஊர் மானத்தைப் பால்காரன் சுவத்துலயா எழுதுவ?"
கல்வி அலுவலகத்திலிருந்து போன்,
நல்ல செய்திகளாகப் போடலாமே என்று.
போட்டேன்:
நான்காம் வகுப்பு தீக்ஷிகா
தன் வீட்டு மாட்டைப் பற்றிப் பதினோரு வரி எழுதினாள்.
ஒன்றில்கூட
'மாடு நமக்குப் பால் தரும்' இல்லை.
கதவு அப்படியேதான் இருந்தது.
அதையும் போட்டேன்.

நேற்று கெம்பம்மா
தன் 4.2-ஐ முறைத்து முடித்துவிட்டு
என் பக்கம் திரும்பினாள்.
அவளுக்குப் பள்ளியில் பிள்ளையும் இல்லை, பேரனும் இல்லை.
"ஸ்கூலுக்கு எவ்ளோ வந்துது?"
"நாற்பத்து நாலு."
கேனைத் தூக்கிக்கொண்டே கேட்டாள்:
"தண்ணி ஊத்தாமதான?"

சத்துணவு மணிக்கு வந்து
தட்டைக் கழுவியதும் போய்விட்ட இருவரை
நினைத்துக்கொண்டேன்.
புறங்கையால் துடைத்து
42 என்று எழுதினேன்.