வெள்ளிக்கிழமைக் கணக்கு

வாரத்துக்கு நாற்பது உருப்படி.
குறைந்தால் மூடிவிடுவோம் என்றது ஒட்டாவா.
அன்றிலிருந்து ஊரே கடிதம் போடுகிறது
எதிர்வீட்டுக்கு, தனக்கே,
நாத்யா தன் செத்த நாய்க்கு.
பாதி உறை காலி.
எடைபோடும் எனக்குத் தெரியும்.
முத்திரை குத்துவேன், பேசமாட்டேன்.

வேலித் தகராறில்
பதினோரு வருஷமாய் முகம்பாராத லூக்கியனுக்கு
வெள்ளிதோறும் ஒன்று போடுகிறார் ஓஸ்தாப்.
"கணக்குக்குத்தான், ஒரீசியா" என்பார்
சில்லறையை மேசையில் ஒவ்வொன்றாய் வைத்து.

இன்று மைனஸ் முப்பத்தொன்று.
மை உறையாதிருக்க
முத்திரையை அடுப்பருகே வைத்திருந்தேன்.
அவர் உறையை வைத்ததும்
தராசு முள் நகர்ந்தது.
இரண்டு தாள். மூன்றுகூட இருக்கலாம்.
நிமிர்ந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே பனிக்கலப்பை போவதை
ரொம்பக் கவனமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடுதல் தபால்தலை ஒட்டவேண்டும் என்றேன்.
ஒட்டினார்.

முப்பத்தெட்டு, எழுதிக்கொண்டேன்.
ஐந்து மணிக்கு
இன்னும் அரைமணி இருந்தது.