டக்

நாற்பதைத் தாண்டினால் டக்.
கத்திப்பாரா இறக்கத்தில் டக் டக் டக் என்று
வட்டிக்காரன் கதவைத் தட்டுகிற மாதிரி.

2004 சான்ட்ரோ. "வயசாச்சுக்கா" என்றார்கள் பல்லாவரத்தில்.
புஷ் மாற்றினார்கள், மூவாயிரத்து இருநூறு.
சைலன்சருக்கு வெல்டு வைத்தார்கள்.
டேஷ்போர்டு இடுக்கில் நானே அட்டை செருகினேன்.
டிக்கியைக் காலி செய்தேன்:
ஜாக்கி, கம்பி போன குடை, டிசம்பர் வெள்ளத்தின் மண்.
டக்.

புதுப்பேட்டை இத்ரீஸ் பக்கத்தில் ஏறி
பெல்ட் மாட்டி
காதைக் கதவில் ஒட்டிக்கொண்டான்.
எழும்பூர், கூவம் பாலம், மறுபடி எழும்பூர்.
ஊமையாகிவிட்டது வண்டி,
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கும் பிள்ளை மாதிரி.
"எங்கக்கா சத்தம்?"
எனக்கே வெட்கமாகிவிட்டது.

அவனை இறக்கிவிட்டு
சிந்தாதிரிப்பேட்டை தாண்டவில்லை,
டக்.

திரும்பி வந்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப்
பின்சீட்டில் படுத்துக்கொண்டான். "ஓட்டுங்க."
மூன்றாவது டக்கில் கை நீட்டிப் பிடித்தான்:
இடப்பக்க பெல்ட்டின் நாக்கு.
ஆளில்லாமல் தொங்கித் தூணில் இடிக்கிறது.

ஜூன் வரை செலின் இருந்தாள் அங்கே,
பெருங்குடி ஆபீஸ் வரைக்கும்.
பெட்ரோலில் பாதி, பேச்சில் முக்கால்.
புனேவுக்கு மாற்றல்.

இத்ரீஸ் காசு வாங்கவில்லை.

இப்போது காலையில் காலி சீட்டுக்கு மாட்டிவிட்டுத்தான்
எனக்கு மாட்டுகிறேன்.
அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் குனிந்து பார்க்கிறார்.
பார்க்கட்டும்.

எழுபதில் வேறொரு சத்தம் வருகிறது.
எழுபதில் போக
இந்த ஊரில் ரோடு எங்கே இருக்கிறது?