இருநூறு மில்லிகிராம்

ஹமில்டன் துறைமுகத்துக்குக் கிழக்கே
இரும்பாலைப் புகை சாய்ந்து போகும் பக்கம்
கழிவுநீர் நிலையத்தின் பின்கொட்டகையில்
பன்னிரண்டு கண்ணாடிக் கலங்கள்.
எனக்கு இரவு முறை.

ஒவ்வொன்றிலும் கம்பளித் துண்டு போலக் கரிநார்,
அதன்மேல் வழுவழுவென்று ஒரு தோல்.
உயிருள்ள தோல்.
கண்ணில்லை, வாயில்லை, மூச்சுக்குக் காற்றுமில்லை.
நகரம் கழித்ததைத் தின்று
கையில் மிஞ்சும் எலெக்ட்ரானைக்
கம்பியிடம் கொடுத்துப் பிழைக்கிறது.
நானூற்றுப் பத்து மில்லிவோல்ட்.
பொம்மைக் காரின் விளக்குக்கூட எரியாது.

சர்க்கரை, கொழுப்பு, கழுவி ஊற்றிய கஞ்சி
எல்லாவற்றையும் பேர் கேட்காமல் தின்னும்.
வேறு சில இருக்கின்றன,
தொட்டி தொட்டியாய்க் கடந்தும்
வந்த மேனிக்கே வெளியே போகிறவை.
கார்பமசெபைன் அதில் ஒன்று.
மூன்று வளையம் ஒட்டிய மூலக்கூறு.
சிறுநீரில் இறங்கி
ஏரிவரை நடந்தே போகும் பிடிவாதம்.

எனக்கு அதைப் பதினேழு வயதிலிருந்து தெரியும்.
காலை ஒரு குளிசை, இரவு ஒன்று.
மண்டைக்குள் மின்சாரம் கூட்டம் கூடிக் கத்தும்போது
"கொஞ்சம் இருங்கோ பிள்ளையள்" என்று
அமர்த்துகிற ஆள்.
ஸ்கார்பரோ பஸ் தரிப்பிடத்தில்
நாக்கைக் கடித்துக்கொண்டு விழுந்த நாளிலிருந்து
ஒரு வேளையும் விட்டதில்லை,
ஒன்றைத் தவிர.

போன மாசியில்
வரவேண்டிய தூய மாதிரி சுங்கத்தில் கிடந்தது.
ஒக்சானா விடுமுறையில்.
கலங்கள் காத்திருந்தன, அல்லது
எனக்கு அப்படித் தோன்றியது.
கைப்பையைத் திறந்தேன்.
மாதக் கடைசி, எண்ணி வைத்த குளிசைகள்.
பீங்கான் உரலில் ஒன்றைப் பொடித்தேன்.
குறிப்பேட்டில் எழுதினேன்: மூலம், மருந்துக்கடை.
அன்று காலை வீட்டுக்கு வந்து
மெத்தையைத் தரையில் இறக்கிப் போட்டு
மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் படுத்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஆனால் தூங்கவும் இல்லை.

ஒக்சானா வந்ததும் அந்த வரியை அடித்தாள்.
மாவும் சாயமும் கலந்த குளிசை
தரவாகாது என்றாள். சரிதான்.
யாருடைய குளிசை என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

அடித்த பக்கத்தில் பதினொரு நாள் இருந்தது.
மறுமுனையில் ஆக்சிஜன்
அந்த எலெக்ட்ரான்களை வாங்கிப்
பெராக்சைடாகி
இரும்பைத் தொட்டதும் வெறிகொண்டு
நடு வளையத்தைக் கடிக்கத் தொடங்கிய நாட்கள்.
திரையில் அந்த முகடு தேய்ந்தது.
நூறு. எண்பத்தெட்டு. அறுபது.
முப்பத்தெட்டு.
பிறகு இறங்கவேயில்லை.

எனக்குள் மின்சாரம் நோய்,
இங்கே அதுதான் வேலைக்காரன்.
இதற்கு மேல் இந்த உவமையை இழுக்கமாட்டேன்,
ஒக்சானா அதையும் அடித்துவிடுவாள்.

இப்போது ஐந்தரை மணி.
குழாயைத் திறக்கிறேன், ஏரித் தண்ணீர்.
யாரோ எப்போதோ விழுங்கிய குளிசையின்
எண்ண முடியாத ஒரு துணுக்கு
இந்தக் கோப்பையில் இருக்கலாம்.
என்னுடையதைப் போட்டு விழுங்குகிறேன்.

ஏழாம் கலத்தில் எண் சரிந்திருக்கிறது.
சவ்வு அடைத்திருக்கும்.
கையுறையைத் தேடுகிறேன்.
இடது கையுடையது மட்டும் கிடைக்கிறது.