அரைப் பேர்

பீடோங்கில், கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடி.
வாடகையைப் பல்கலைக்கழகம் கட்டுகிறது,
வெக்கையை நாங்கள்.
பன்னிரண்டு வாரத் தொழிற்பயிற்சி:
நான், சுஹைலா,
செம்பனைக்கு மாறி, பிறகு வீடமைப்பாகிப்போன ஒரு தோட்டத்தின்
செக்ரோல் புத்தகங்கள் நூற்றுப் பதினான்கு.

பக்கத்தை மல்லாத்திக் கண்ணாடியை இறக்கினால்
வெளிச்சம் ஒருமுறை போய்வரும்.
செத்த கரப்பானும் சேர்ந்தே பதிவாகும்.
அப்புறம் கட்டங்கள்:
பெயர், தகப்பன் பெயர், பால், வேலை, நாள்.
சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம் காலியாயிருந்தால்
அடுத்த பக்கத்துக்கு விடாது,
கேட்டில் நிற்கும் ஜாகா மாதிரி.

முதல் வாரமே தகராறு.
ஐம்பத்தெட்டு ஜூனில் முனியம்மா,
ஜூலையில் மூனியாமா,
ஆகஸ்டில் முன்னிமா.
கிராணி ஒரே ஆள், பேனாவும் ஒன்றே.
இவள் ஒருத்தியா, மூன்று பேரா?
ஓர் ஆளுக்கு ஓர் எண் என்கிறது கையேடு.
சுஹைலா மூன்று என்றாள். நான் ஒன்று என்றேன்.
பசியாறப் போன இடத்திலும் அதே பேச்சு;
ரொட்டி சானாய் விறைத்துப்போனது.

சம்பளப் பத்தியில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்.
எட்டு மடங்கு பெரிதாக்கினோம்.
ஜூன் விரல் முழுசாயிருந்தது.
ஜூலை ஏழிலிருந்து ஆறு நாள் ஆள் வரவில்லை;
மாதக் கடைசி விரலில்
குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.
ஆகஸ்டிலும் அதே கோடு.
பால்வெட்டுக் கத்தி என்றேன்.
ஜூன்காரி வேறொருத்தியாகவும் இருக்கலாம் என்றாள் சுஹைலா,
என்றபடியே எண்ணை ஒன்றாக்கினாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கிறுக்கல் கண்ணில் பட்டது.
விரல் ஆறாமல் வேலைக்குத் திரும்பிய வாரம் முழுக்க
ஒன்றின்கீழ் இரண்டு, ஒன்றின்கீழ் இரண்டு.
நாள் கட்டத்தில் அரை என்று அடித்தால்
முழு எண் மட்டும் எனச் சிவந்தது திரை.
பினாங்குக்குப் போன் போட்டேன்.
பக்கத்து முழு எண்ணாக்கிவிடு என்றார் டாக்டர் இங்.
மேலேயா, கீழேயா?
கொஞ்சம் யோசித்து,
"கீழே. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்."
போட்டேன்.
ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பூஜ்யம்.

ஆறாவது வாரம் ஒரு ராத்திரி
சுங்கைப் பட்டாணி கையுறைத் தொழிற்சாலையிலிருந்து
அம்மா சீக்கிரம் வந்தாள். சாவியை மேசையில் வீசினாள்.
"மெஷின் படுத்துக்கிச்சு. இன்னிக்கு அரைப் பேருதான்."

பேர் என்றால் ஒரு நாள் கூலி.
எனக்குத் தெரியாத சொல்லில்லை.
பெயர் கட்டத்துக்கும் நாள் கட்டத்துக்கும் நடுவில்
இத்தனை வாரம் உட்கார்ந்திருந்தும்
காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் சுஹைலாவிடம் மலாயில் விளக்கினேன்.
செப்பாரு நாமா? என்று கேட்டாள், சிரிக்கவில்லை.
தொழில்நுட்பப் பிரிவுக்கு அவள்தான் கடிதம் எழுதினாள்,
மூன்று தரம், ஒவ்வொரு தரமும் மரியாதை குறைந்துகொண்டே.
பதினோராம் வாரம் பதில் வந்தது:
இனிப் புள்ளி ஐந்து ஏறும்.
அதற்குள் நாங்கள் தின்று தீர்த்த அரைகள்
இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.

திரும்பிப் போனோம், பக்கம் பக்கமாக.
பூஜ்யத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி, ஓர் ஐந்து.
ஜூலைக்கு வந்தபோது
முனியம்மாவுக்கு ஆறு அரை.
கூட்டினால் மூன்று பேர்.
"பார்த்தாயா, அன்றைக்கே சொன்னேன்" என்றாள் சுஹைலா.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்தது.
சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம்.
இன்னும் நானூறு வரி பாக்கி.

சனிக்கிழமை, கீழ்க்கடைக்காரர் ஷட்டரைத் தூக்குமுன்
படியில் நின்றிருந்தோம்.
வருகைச் செயலியில் விரல் வைத்தேன்; திறக்கவில்லை.
கணக்கு முடிந்துவிட்டதாம்.
சுஹைலா மின்விசிறியைத் தட்டிவிட்டு
ஆகஸ்டை எடுத்தாள்.
இன்றைக்கு எங்களுக்குப் பேர் இல்லை.